இன்டிமிடேட் என்றால் மிரட்டுவதா? ஃப்ரைட்டன், ஸ்கேர், த்ரெட்டன் எல்லாம் எங்கே பிரிகின்றன?

நீலக்குயில்:

வணக்கம். ஒரு ஆங்கிலச் சொல்லின் பொருள் எனக்குத் திட்டவட்டமாகத் தெரிய வேண்டும். வேலை சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். எங்கள் அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் கருத்து எழுதித் தரும் வழக்கம் உண்டு, எழுதியது யார் என்று தெரியாது. எனக்கு வந்ததில் ஒருவர் என் வேலையை நன்றாகப் பாராட்டிவிட்டு, கடைசி வரியில் 'ஐ ஃபைண்ட் ஹர் எ பிட் இன்டிமிடேட்டிங்' என்று முடித்திருக்கிறார். அகராதியைப் புரட்டினால் மிரட்டு, அச்சுறுத்து, பயமுறுத்து என்று போட்டிருக்கிறது. நான் யாரையும் மிரட்டியதில்லை, குரலை உயர்த்திக்கூடப் பேசுவதில்லை. இது என்மேல் வைத்த புகாரா? மேலாளரிடம் போய் விளக்கம் சொல்ல வேண்டுமா? அப்புறம், பயப்பட வைப்பதற்கு ஃப்ரைட்டன், ஸ்கேர், டெரிஃபை, த்ரெட்டன் என்று இத்தனை சொற்கள் இருக்கும்போது அவர் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தார்?

சொல்லடுக்கு:

புகார் இல்லை. முதலில் அந்தக் கவலையை விடுங்கள்.

மொழிபெயர்ப்புதான் என் தொழில், இந்தச் சொல்லோடு நிறைய மல்லுக்கட்டியிருக்கிறேன். இன்டிமிடேட் என்ற வினைச்சொல் வேறு, இன்டிமிடேட்டிங் என்ற பெயரடை வேறு என்று பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். 'ஹீ இன்டிமிடேட்டட் தி விட்னெஸ்' என்றால் அவன் சாட்சியை மிரட்டிப் பணிய வைத்தான், அதில் திட்டம் இருக்கிறது, அது குற்றம். 'ஷீ ஈஸ் இன்டிமிடேட்டிங்' என்றால் அவர் எதுவும் செய்திருக்க வேண்டியதே இல்லை. எதிரே இருப்பவருக்குத் தன் தைரியம் குறைவதுபோல் இருக்கிறது, அவ்வளவுதான். மிகத் திறமையான ஒருவரும் அதிகம் பேசாத ஒருவரும் இன்டிமிடேட்டிங்தான். பெரிய கூடம், தடிமனான பாடப்புத்தகம், எல்லாரும் சரளமாகப் பேசும் கூட்டம் என்று உயிரில்லாத பொருளையும் சூழ்நிலையையும்கூட அப்படிச் சொல்வார்கள்.

உங்களுக்கு எழுதியவர் 'ஐ ஃபைண்ட்' என்று தொடங்கியிருப்பதைக் கவனியுங்கள். 'எனக்கு அப்படித் தோன்றுகிறது' என்று தன் பக்கம் பேசுகிறார். கூடவே 'எ பிட்' போட்டிருக்கிறார். நீங்கள் இதைச் செய்தீர்கள் என்று அந்த வாக்கியத்தில் எங்குமே இல்லை.

சொல்லின் பிறப்பைப் பார்த்தாலும் இதுதான் தெரிகிறது. லத்தீனில் டிமெரே என்றால் அஞ்சுதல், அதிலிருந்து டிமிடுஸ், அஞ்சிய சுபாவம் உடையவன். ஆங்கிலத்தின் டிமிட் அங்கிருந்து வந்ததுதான். இன்டிமிடேட் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்துக்குள் வந்தது, ஒருவரை டிமிட் ஆக்குவது என்பது அதன் பொருள். உயிர்ப்பயம் காட்டுவதைவிட, ஒருவரைக் கூசிப் பின்வாங்க வைப்பதுதான் இதன் அடிப்படை.

வகுப்பறை:

சொல்லடுக்கு சொன்னது சரி. நான் ஆங்கிலம் கற்பிக்கிறவன், கேள்வியின் இரண்டாம் பாதியை எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு குழந்தை இருட்டில் நடக்கிறது, கதவுக்குப் பின்னாலிருந்து அண்ணன் 'பே' என்று கத்துகிறான். இது ஸ்கேர். அன்றாடப் பேச்சில் அதிகம் புழங்கும் சொல் இது, விளையாட்டுக்கும் வரும், நிஜமான பயத்துக்கும் வரும். அதே குழந்தை இடிச்சத்தம் கேட்டு அழுதால் ஃப்ரைட்டன் என்று எழுதலாம், ஸ்கேர் என்றும் சொல்லலாம், ஃப்ரைட்டன் கொஞ்சம் எழுத்து நடைக்குரியது. இடிக்கு நோக்கம் எதுவும் கிடையாது, இந்த இரண்டு சொற்களுக்கும் நோக்கம் தேவையும் இல்லை. பயம் எல்லை மீறிக் கை கால் ஓடாத நிலைக்குப் போனால் டெரிஃபை, நம் மொழியில் கதிகலங்க வைப்பது. இந்த மூன்று இடத்திலும் இன்டிமிடேட் போட்டால் பொருந்தாது. இடி யாரையும் இன்டிமிடேட் செய்யாது. பேயும் பொதுவாகச் செய்யாது, பேய் ஸ்கேர் செய்யும்.

இன்டிமிடேட் வருவதற்கு ஓர் ஏற்றத்தாழ்வு வேண்டும். பலமோ பதவியோ அறிவோ பணமோ உடம்பின் அளவோ, ஏதோ ஒன்றில் எதிராளி மேலே நிற்க வேண்டும், அல்லது நிற்பதுபோல் காட்ட வேண்டும். கொரில்லா மார்பில் அடித்துக்கொள்வதும் பூனை முதுகை வளைத்து மயிரைச் சிலிர்த்துத் தன்னைப் பெரிதாகக் காட்டுவதும் இன்டிமிடேட் செய்வதற்குத்தான். சண்டை போடாமலேயே எதிரி விலகிப் போக வேண்டும் என்பது அவற்றின் கணக்கு. கிரிக்கெட்டில் 1932-33இல் நடந்த பாடிலைன் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலிய மட்டையாளர் பிராட்மேன் ரன் குவிப்பதைத் தடுக்க ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்து அணி வேகப்பந்து வீச்சாளர் லார்வுட்டை வைத்து உடம்பைக் குறிவைத்துப் பந்து வீசியது. அதை விவரிக்க ஸ்கேர் போதாது, இன்டிமிடேட்தான் சரியான சொல், ஏனென்றால் அந்தப் பயத்துக்குப் பின்னால் ஒரு வேலை இருந்தது.

கடலோரன்:

எல்லாரும் சேர்ந்து 'ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள்' என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பெயர் போடாமல் எழுதும் இடத்தில்கூட 'எ பிட்' என்று மென்மையாக்கி ஒருவர் எழுதுகிறார் என்றால், நேரில் சொல்ல அவருக்கு எவ்வளவு தயக்கம் இருந்திருக்கும்? குரலை உயர்த்தாமலேயே ஒருவரைச் சுருங்கச் செய்யலாம். கேள்விக்குப் பதில் சொல்லாமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, எல்லார் முன்னாலும் ஒரு தவறை நிதானமாகப் பிரித்துக் காட்டுவது, பின்னால் வந்து நின்று திரையைப் பார்ப்பது, இதெல்லாம் மிரட்டல் இல்லை என்று யார் சொன்னது? நீலக்குயில் அப்படிச் செய்கிறவர் என்று நான் சொல்லவில்லை, எனக்கு அவரைத் தெரியாது. ஆனால் பெயரடை என்பதால் செயலே இல்லை என்று இலக்கணத்தை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது.

சொல்லடுக்கு:

கடலோரன், நீங்கள் சொல்வது நியாயம். செயல் இருக்கலாம். ஆனால் அந்தச் சொல் அதை உறுதிப்படுத்தவில்லை என்பதுதான் நான் சொன்னது. வேண்டுமென்றே செய்வதைக் குறிக்க ஆங்கிலத்தில் தனியாக இன்டிமிடேட்டரி என்று ஒன்று இருக்கிறது. 'இன்டிமிடேட்டரி டாக்டிக்ஸ்' என்றால் பணிய வைப்பதற்காகவே கையாளும் உத்திகள், அதில் நோக்கம் பற்றிச் சந்தேகமே கிடையாது. எழுதியவருக்கு அப்படிக் குற்றம் சொல்ல வேண்டும் என்றிருந்தால் அதையோ, எளியவரை வலியவர் தொல்லைப்படுத்துவதைச் சொல்லும் புல்லியிங் என்பதையோ போட்டிருப்பார். (புல்லி என்ற சொல் 16ஆம் நூற்றாண்டில் அன்புக்குரியவர் என்ற பொருளில் இருந்தது, டச்சு மொழியில் காதலரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அங்கிருந்து இன்றைய பொருளுக்கு வந்து சேர்ந்தது ஒரு நீண்ட கதை, இங்கே வேண்டாம்.)

இதில் நான் முக்கியமாக நினைப்பது வேறொன்று. நம் அகராதிகள் இன்டிமிடேட் என்றால் மிரட்டு என்று போடுவதில்தான் சிக்கலே இருக்கிறது. தமிழில் 'அவன் மிரட்டினான், நான் பயப்படவில்லை' என்று தாராளமாகச் சொல்லலாம், ஏனென்றால் மிரட்டு என்பது மிரட்டுகிறவன் செய்யும் காரியம், எதிராளி மிரண்டானா இல்லையா என்பது தனிக்கதை. ஆங்கிலத்தில் த்ரெட்டன் அப்படி. 'ஹீ த்ரெட்டண்ட் மீ' என்ற பிறகு 'பட் ஐ வாஸ் நாட் அஃப்ரெய்ட்' என்று தொடரலாம். ஆனால் 'ஹீ இன்டிமிடேட்டட் மீ' என்று சொல்லிவிட்டு 'நான் பயப்படவில்லை' என்று தொடர்ந்தால் இடிக்கும், 'ட்ரைட் டு இன்டிமிடேட்' என்று முயற்சியாக மாற்றினால்தான் வாக்கியம் நிற்கும். காரணம், இன்டிமிடேட் விளைவையும் சேர்த்தே சொல்கிறது. எதிராளி உள்ளுக்குள் கொஞ்சமாவது சுருங்கியிருக்க வேண்டும். அதனால் த்ரெட்டனுக்கு மிரட்டு, இன்டிமிடேட்டுக்கு மிரள வை என்று வைத்துக்கொண்டால் நிறைய இடங்களில் சரியாக வரும். மிரள வைப்பதற்கு மிரட்டல் ஒரு வழி மட்டுமே. ஒன்றுமே செய்யாமல் எதிரே உட்கார்ந்திருப்பதுகூட ஒருவரை மிரள வைக்கும்.

நீலக்குயில்:

இது பெரிய நிம்மதி, இரண்டு பேருக்கும் நன்றி. கடலோரன் சொன்னதையும் ஒதுக்கவில்லை, யோசித்துக்கொண்டிருக்கிறேன். விளக்கம் சொல்லப் போவதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களிடம் நானாகவே போய்ப் பேசிப் பார்க்கிறேன்.

பனந்தோப்பு:

இலங்கைத் தமிழில் வெருட்டுறது என்று சொல்லுவோம், மிரட்டுவதைவிட எங்களுக்கு அதுதான் வாய்க்கு வரும். 'சும்மா வெருட்டுறார், பயப்படாதே.' வெருள் என்றால் மிரள், வெருட்டு என்றால் மிரட்டு, இரண்டும் ஒரே வாய்பாடு. உருள் உருட்டு, திரள் திரட்டு, மருள் மருட்டு என்று ஒரு குடும்பமே இருக்கிறது. தானாக நடப்பதற்கு ஒன்று, நடக்க வைப்பதற்கு இன்னொன்று. ஆங்கிலத்தில் ஃபியரை எடுத்துக்கொண்டு இப்படி உள்ளுக்குள்ளேயே மாற்ற இன்று முடியாது, வேறு சொல்லைத்தான் தேட வேண்டும். பழைய ஆங்கிலத்தில் ஃபியர் என்ற வினையே பயமுறுத்து என்ற பொருளில் இருந்தது, பிற்பாடுதான் பயப்படு என்று திரும்பியது.

பறவைகளை விரட்ட வயலில் நிறுத்தும் உருவத்துக்கு வெருளி என்று பெயர். ஆங்கிலத்தில் ஸ்கேர்க்ரோ. இரண்டு மொழியும் பயத்தை வைத்தே பெயர் வைத்திருக்கின்றன, எனக்கு எப்போதும் பிடித்த பொருத்தம் இது.

ஏட்டுச்சுவடி:

வெரு என்று பனந்தோப்பு எடுத்துக் கொடுத்ததால் ஒன்று சொல்ல வேண்டும். திருக்குறளில் 57ஆம் அதிகாரத்தின் பெயர் வெருவந்த செய்யாமை. குடிமக்கள் அஞ்சும்படியான செயல்களை ஆள்கிறவன் செய்யாதிருத்தல். பொருட்பாலில், செங்கோன்மை, கொடுங்கோன்மை இரண்டுக்கும் அடுத்து வைத்திருக்கிறார் வள்ளுவர். மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்குத் தரும் அச்சத்துக்கென்றே ஓர் அதிகாரம்! வகுப்பறை சொன்ன ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கிறது, பாருங்கள். அதே அதிகாரத்தில்தான் 'கடிதோச்சி மெல்ல எறிக' என்ற குறளும் வருகிறது. ஓங்கும்போது கடுமையாக ஓங்கு, அடிக்கும்போது மெல்ல அடி. ஆக எல்லா அச்சத்தையும் அவர் விலக்கவில்லை, தவறு நடக்காமல் தடுக்கும் அளவுக்கு ஓங்கலாம், அதைத் தாண்டக் கூடாது என்கிறார். ஆங்கிலத்தில் இதற்கு டிடர் என்பார்கள்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இன்னும் நேராகவே சொல்கிறது. 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.' அச்சம் பிறக்கும் இடம் நான்கு, அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இங்கே இறை என்பது நமக்கு மேலே இருப்பவர். பேயும் புலியும் திருடனும் தரும் பயத்துக்கு ஸ்கேர், ஃப்ரைட்டன், டெரிஃபை எல்லாம் போதும். நான்காவதாகச் சொன்ன அச்சத்தில்தான் இன்டிமிடேட்டிங் பெரும்பாலும் உட்காருகிறது. புலி பாயும் என்று பயப்படுகிறோம், திருடன் பறிப்பான் என்று பயப்படுகிறோம், ஆனால் மேலே இருப்பவர் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அவர் முன்னால் நா எழுவதில்லை. இதைத் தனியாகப் பிரித்து எண்ணியவர்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

கல்லூரிப்பறவை:

நான் தேர்வுக்குப் படிக்கிறேன், ஒரு சின்னச் சந்தேகம். இன்டிமிடேட் வந்தால் பின்னால் ஆஃப் வருமா, பை வருமா? 'இன்டு' போட்டும் ஒரு வாக்கியம் பார்த்தேன்.

வகுப்பறை:

நல்ல கேள்விம்மா. ஸ்கேர்ட் ஆஃப், ஃப்ரைட்டண்ட் ஆஃப், அஃப்ரெய்ட் ஆஃப் எல்லாம் சரி, ஆனால் இன்டிமிடேட்டட் ஆஃப் கிடையாது, இன்டிமிடேட்டட் பை மட்டும்தான். அஃப்ரெய்ட் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள், தேர்வில் கேட்பார்கள்: அதைப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வைக்கக் கூடாது. 'ஆன் அஃப்ரெய்ட் சைல்ட்' தவறு, 'எ ஃப்ரைட்டண்ட் சைல்ட்' சரி.

இன்டு விஷயத்துக்கு வருகிறேன். 'தே இன்டிமிடேட்டட் ஹிம் இன்டு சைனிங்.' மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். மிரட்டியதன் பலனாக அவர் எதைச் செய்தார் என்பது இன்டுவுக்குப் பிறகு வரும். ஆங்கிலத்தில் மிரட்டுவது முதன்மை வினையாக நிற்கிறது, தமிழில் அது வினையெச்சமாகி, கையெழுத்து வாங்குவது முதன்மை வினையாகிவிடும். மிரட்டிப் பிடுங்கினான், மிரட்டிப் பணியவைத்தான், மிரட்டி வாயை அடைத்தான் என்று நாம் பேசுவதெல்லாம் இந்த வகைதான். 'அவரைக் கையெழுத்திடுவதற்குள் மிரட்டினார்கள்' என்று சொல்லுக்குச் சொல் எழுதினால் ஒருவருக்கும் புரியாது. இதேபோல் ஸ்கேர் அவே, ஃப்ரைட்டன் அவே என்றெல்லாம் வரும்போது பயமுறுத்தித் துரத்தினான் என்று இரண்டு வினையாக எழுதலாம், பல இடங்களில் விரட்டினான் என்ற ஒரே சொல் போதும்.

மைத்துளி:

வேறொரு எச்சரிக்கை சொல்கிறேன், கடிதம் எழுதுகிற எல்லாருக்கும் உதவும். இன்டிமேட், இன்டிமிடேட் இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. தெரிவியுங்கள் என்ற பொருளில் 'கைண்ட்லி இன்டிமேட்' என்று எழுதுவது நம் அலுவலக ஆங்கிலத்தில் சாதாரணம். அந்த இடத்தில் கவனக்குறைவாக இன்டிமிடேட் விழுந்துவிட்டால் 'தேதியை எங்களுக்குத் தெரிவிக்கவும்' என்பது 'எங்களை மிரட்டவும்' என்று ஆகிவிடும். பிழைதிருத்தும் மென்பொருளும் கண்டுபிடிக்காமல் போகலாம், ஏனென்றால் இரண்டுமே சரியான சொற்கள். வேர்களும் வேறு வேறு. இன்டிமேட், உள்ளே ஆழத்தில் இருப்பது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, பயத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. என்னைக் கேட்டால் கடிதத்தில் இன்டிமேட்டையே விட்டுவிட்டு இன்ஃபார்ம் என்று எழுதுவது நல்லது.

திரைநோக்கி:

யாராவது சொல்வார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். படம் பார்த்துவிட்டு வந்து 'நடிப்பில் மிரட்டியிருக்கிறார்', 'மிரட்டலான இசை' என்று எழுதுகிறோமே, அது எந்தக் கணக்கு? அதை இன்டிமிடேட்டிங் என்று மொழிபெயர்த்தால் பாராட்டு போய்விடுகிறது.

சொல்லடுக்கு:

அங்கே டெரிஃபிக் போடுங்கள், பொருள் மட்டுமில்லை, அது நடந்து வந்த வழியும் ஒன்றுதான். டெரிஃபிக் முதலில் பயத்தை உண்டாக்குகிற என்றே பொருள்பட்டது, டெரர், டெரிஃபை, டெரிபிள் எல்லாம் அதன் கூடப்பிறந்தவை. பிறகு மிகப் பெரிய என்று ஆகி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அபாரமான என்று மாறிவிட்டது. ஏட்டுச்சுவடி சொன்ன டிடர்கூட அதே வேர்தான், பார்த்தால் தெரியாது. நம் பயங்கரமும் அப்படித்தான், வடமொழியில் பயத்தை உண்டாக்குவது என்று நேர்ப்பொருள், இன்று 'பயங்கரமா பாடுறாங்க' என்றால் பாராட்டு. மிரட்டலும் இப்போது அந்த வழியில் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் இன்டிமிடேட்டிங் அந்தப் பக்கம் இன்னும் போகவில்லை, அதில் பயப்படுகிறவர் ஒருவர் எப்போதும் இருக்கிறார். அதனால் பாராட்டுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம்.

கடலோரன்:

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. 'ஷீ ஈஸ் இன்டிமிடேட்டிங்' என்பதை நல்ல தமிழில் எப்படித்தான் எழுதுவது? மிரள வைக்கிறார் என்றாலும் அவர் ஏதோ செய்வதுபோல்தான் தொனிக்கிறது.

சொல்லடுக்கு:

உண்மை. அதனால் எழுவாயையே மாற்றிவிடுவேன். 'அவரிடம் பேசவே தயக்கமாக இருக்கிறது.' 'அவர் முன்னால் எனக்கு வாய் எழுவதில்லை.' உணர்கிறவர் பக்கத்திலிருந்து சொன்னால் பழி யார்மேலும் விழாது. பொருளாகவோ வேலையாகவோ இருந்தால் மலைப்பு என்ற அருமையான சொல் இருக்கிறது, 'அந்தப் புத்தகத்தின் கனத்தைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது.' டான்டிங் என்பதற்கும் அதே மலைப்புதான். டான்ட் என்பது விலங்கைப் பழக்கி அடக்குவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஒரு வேறுபாடு, டான்டிங் பெரும்பாலும் வேலைக்கும் பொறுப்புக்கும் வரும், இன்டிமிடேட்டிங் மனிதருக்கும் இடத்துக்கும் வரும்.

கல்லூரிப்பறவை:

நன்றி சார், நன்றி எல்லாருக்கும். உச்சரிப்பை மட்டும் சொல்லிவிடுங்கள், எங்கே அழுத்த வேண்டும்?

வகுப்பறை:

இரண்டாவது அசையில். இன், டிம், இ, டேட் என்று பிரித்துக்கொண்டு 'டிம்' மேல் அழுத்தம் கொடு. டிமிட் என்ற சொல் உள்ளே இருப்பதை நினைத்துக்கொண்டால் அழுத்தம் தானாக அங்கே விழும். மைத்துளி சொன்ன இன்டிமேட்டில் முதல் அசையில் அழுத்தம். அது வினையாக வரும்போது கடைசியில் 'மேட்' என்று நீளும், நெருக்கமான என்ற பெயரடையாக வரும்போது 'மெட்' என்று குறுகும். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக வாய்விட்டுச் சொல்லிப் பார்.